துவக்கு ஒன்று, பழையது

பெரியையாவின் மரணசாதனத்தில் மூன்றாம் பந்தி:
அளவெட்டி தெற்கில் நாலு பரப்பு இரண்டு குழி,
கிணற்றில் எட்டிலொரு பங்கு,
வழிவாய்க்கால் உரிமை.
பிறகு தனி வரியில்,
துவக்கு ஒன்று, பழையது.

நொத்தாரிசு கந்தோரில் பதினாறு வருசமாய்
உறுதி எழுதுகிறேன்.
கடலில் கிடக்கிற ஒன்றை
யாரும் எழுதிவைத்து நான் கண்டதில்லை.

கடலில் என்றுதான் எங்கள் வீட்டுக் கதை.
எண்பத்தேழில், செருப்பையும் கழற்றிவிட்டுப் போய்,
கீரிமலையில் எறிந்தவராம்.
அம்மா சொல்லும்போது
அது விழுந்த சத்தத்தையும் போட்டுக் காட்டுவா.

போன கிழமை மோட்டர்க் கொட்டில் சுவரை இடித்தோம்.
ஒரு கல் மட்டும் வேறுமாதிரிச் சத்தம் போட்டது.
பின்னால் ஒரு நெஸ்பிறே ரின்,
மூடியைச் சுற்றி மெழுகு,
வாய்வரைக்கும் கிறீஸ்.

தயாபரன் அண்ணா விரலால் கொஞ்சம் தொட்டு
மணந்து பார்த்தான்.
தண்ணி மோட்டர் திருத்துகிறவன்.
"நல்ல கிறீஸ்" என்றான்.
"பாதை பூட்ட முந்தின சாமான்."
அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

சாக்கை விரித்து,
வாயை வேலிப் பக்கம் திருப்பி,
கழுத்தை முறித்துத் திறந்தான்.
ஆறு அறை. ஆறும் வெறுமை.
மண்ணெண்ணெய்த் துணி பட்டுப் பட்டு
எழுத்து ஒவ்வொன்றாய் வந்தது:
வெப்லி. பர்மிங்காம்.
அரசாங்கச் சொத்துக்குக் குத்துகிற அம்புக்குறி.
பிடியின் அடியில் கயிறு கோர்க்க ஒரு வளையம்.
குழலிலும் சில்லிலும் ஒரே இலக்கம்.
கலால் இன்ஸ்பெக்டருக்கு ஐம்பத்தெட்டில் கொடுத்த
அனுமதிப் புத்தகத்திலும் அதே இலக்கம்.
எல்லை நாலும் பொருந்துகிற காணி மாதிரி.

மருந்துக்கும் கறள் இல்லை.

தொண்ணூற்றாறு ஆவணியில்
கச்சேரிப் பதிவில் பெயர் பார்த்து வந்தார்கள்.
கிழவரை விட்டார்கள்,
அண்ணாவைக் கூட்டிப்போனார்கள்.
பதினொரு நாள்.
எங்கே என்று கேட்டார்கள்.
கடலில என்றான்.
நம்பியதைச் சொன்னான்,
நம்புகிறவனின் குரலில்.
அதனால்தான் விட்டார்களோ,
அதனால்தான் அவ்வளவு அடித்தார்களோ,
இன்றுவரை தெரியாது.

வந்தபிறகு பெரியையா
ஒவ்வொரு பின்னேரமும் நல்லெண்ணெய் காய்ச்சி
அவன் வலக்கை விரல்களை
ஒவ்வொன்றாய் உருவிவிடுவார்.
கணுவுக்குக் கணு நின்று நின்று.
ஒரு மாசம், இரண்டு மாசம்.
கொட்டில் பத்தடி தூரத்தில்.
மோட்டர் போடப் போய் வருவார்.
ஒரு சொல் இல்லை.
மூன்று விரல் கடைசிவரை நிமிரவில்லை.

நான் பிறாசோ எடுக்க எழும்பினேன்.
"மினுக்காதை" என்றான், "எழுத்துத் தேஞ்சு போம்."
தேங்காயெண்ணெயும் ஆகாதாம், பிசினாய்ப் பிடிக்கும்.
தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி,
துடைத்தது தெரியாத அளவுக்கு.
தோல் உறை கூடாது,
தோல் உப்புக்காற்றைக் குடித்து வைத்திருக்கும்.
நிமிராத அந்த மூன்று விரலும்
பிடியில் சரியாய்ப் போய் இருந்தன.
பார்த்துவிட்டு
நான் கிணற்றைப் பார்த்தேன்.

விடிந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேணும்.
கையளிக்கிற கடிதம் நான் எழுதுகிறது,
அதுதானே என் தொழில்.
பொருள், இலக்கம், உரித்தான வகை
எல்லாம் எழுதியாயிற்று.
இதுவரை எங்கே இருந்தது என்ற இடத்தில்
பேனை நின்றது.

"கடலில எண்டு எழுது"
என்றான், தலையைத் தூக்காமல்.

சிரிக்கிறானா என்று பார்த்தேன்.
சில்லை ஒருதரம் சுற்றிவிட்டு
லாம்புக்கு நேரே பிடித்தான்.
ஆறு ஓட்டையாலும் வெளிச்சம் வந்தது.

பிறகு கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு
அந்த ரின்னைக் கழுவி வைக்கச் சொன்னான்.
மூடி இன்னும் இறுக்கமாம்.